நீள்தடை ஓட்டத்தில் தாளம்: ஒரு பயிற்சி வரலாறு

விரைவோட்டக்காரனின் வேகம், இடைத்தூர ஓட்டக்காரனின் தாங்குதிறன், தடைதாண்டுவோனின் நுட்பம் ஆகிய மூன்றும் ஒருவனிடத்தே ஒருங்கு கூடவேண்டிய போட்டி எதுவென வினவின், அது 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டமேயாம். மெய்வல்லுநர் போட்டிகளுள் இதனினும் கடியது பிறிதில்லையெனப் பயிற்றுநர் பலர் கூறுவர். ஆயினும், மேற்சொன்ன மூன்றும் உடையவன் கூட நான்காவதொன்று இல்லையாயின் இப்போட்டியில் வெல்லுதல் அரிது. அந்நான்காவது பொருள் தாளம். தடைக்கும் தடைக்கும் இடையே எத்தனை காலடி வைப்பது, அவ்வெண்ணிக்கையை எதுவரை காப்பது, களைப்பு மேலிடும்போது அதனை எவ்வாறு மாற்றுவது என்பனவே அத்தாளத்தின் கூறுகள். இத்தாளம் ஒருவனுக்குப் பிறவியில் வாய்ப்பதா, பயிற்சியால் ஆக்கப்படுவதா என்பது இப்போட்டியின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றினூடே தொடர்ந்து வந்த வினாவாகும். அவ்வரலாற்றையும், அதனின்று எமது பாடசாலை மைதானங்கள் பெறத்தக்க பாடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கணக்கை நோக்குவோம். ஓட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து முதலாவது தடை 45 மீற்றர் தொலைவிலுள்ளது. அதன்பின் 35 மீற்றருக்கு ஒன்றாக மொத்தம் பத்துத் தடைகள். இறுதித் தடையிலிருந்து முடிவுக்கோடு வரை 40 மீற்றர். ஆடவர்க்குத் தடையின் உயரம் 91.4 சென்ரிமீற்றர், பழைய அளவையிற் கூறின் மூன்று அடி. பெண்களுக்கு 76.2 சென்ரிமீற்றர். தேர்ந்த வீரனொருவன் தடைக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர் முன்னே நிலத்தை உதைத்தெழுந்து, தடைக்கு ஏறத்தாழ 1.2 மீற்றர் அப்பால் நிலத்தை மிதிக்கின்றான் எனக் கொள்வோம். எனவே, 35 மீற்றரில் அவன் ஓடிக் கடக்கவேண்டியது 31.6 மீற்றர் ஆகின்றது. இதனை 17 காலடிகளிற் கடப்பவனுக்கு ஒரு காலடியின் நீளம் 1.86 மீற்றர், 15 ஆயின் 2.11, 14 ஆயின் 2.26, 13 ஆயின் 2.43, 12 ஆயின் 2.63 மீற்றர்.

இவ்வெண்களிலே மற்றுமோர் உண்மையும் அடங்கியுள்ளது. 13, 15, 17 என ஒற்றைப்பட எண்ணி ஓடுபவன் ஒவ்வொரு தடையையும் ஒரே காலை முன்நீட்டித் தாண்டுவான். 14, 16 என இரட்டைப்பட எண்ணுபவனோ ஒரு தடையை இடக்காலாலும் அடுத்ததை வலக்காலாலும் தாண்டவேண்டியவனாகின்றான். ஓட்டம் இடப்புறமாக வளைந்து செல்வதால், இடக்காலை முன்நீட்டுபவன் தன் ஓடுபாதையின் உட்கோட்டை ஒட்டி ஓடலாம். வலக்காலை முன்நீட்டுபவன் அவ்வாறு ஓடின், பின்தொடரும் இடக்கால் தடைக்கு வெளியே சென்று, போட்டியினின்று நீக்கப்படும் நிலை நேரலாம். ஆகவே, எத்தனை காலடி என்ற வினா எந்தக் கால் என்ற வினாவையும் உடன்கொண்டே வருகின்றது.

இப்போட்டியின் தோற்றம் இங்கிலாந்திலுள்ள ஒக்ஸ்போட்டில் 1860 அளவில் நிகழ்ந்தது என்பர். அக்காலத் தடைகள் நிலத்திற் பாரமாக ஊன்றப்பட்ட மரவேலைப்பாடுகள். அவற்றில் முட்டியவன் வீழ்ந்து காயமுறுவதே வழக்கம். 1900 ஆம் ஆண்டு பரிஸ் நகரில் இப்போட்டி முதன்முதலாக ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றபோது, ஓடுபாதைக்குக் குறுக்கே நீண்ட தந்திக் கம்பங்களே தடைகளாகக் கிடத்தப்பட்டன. இறுதியில் நீர்த்தடையொன்றும் இருந்தது. அமெரிக்கரான வோல்ற்றர் ரூக்ஸ்பரி 57.6 செக்கனில் அதனை வென்றார். இத்தகைய தடைகளை எதிர்கொள்வோன் தாளத்தைப் பற்றி எண்ணுதற்கு இடமேது? தடையை அண்மித்ததும் காலடியைக் குறுக்கி, அளந்து, பாய்ந்து, மீண்டும் ஓடுவதே அவனால் இயல்வது. 1908 இல் இலண்டனில் சாள்ஸ் பேக்கன் 55.0 செக்கனில் வென்றபோது, தடைகள் ஒழுங்கான அளவையும் வடிவையும் பெற்றுவிட்டன. தடைகள் ஒழுங்குபெற்ற பின்னரே காலடிகள் ஒழுங்குபெறும் வாய்ப்பு உண்டாயிற்று.

1932 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் விழா ஒரு விந்தையைக் கண்டது. அயர்லாந்தைச் சேர்ந்த பொப் ரிஸ்டல் முதலாவதாக வந்தார். எனினும், இறுதித் தடையை அவர் வீழ்த்திவிட்டமையால், தடையை வீழ்த்தியவனின் நேரம் சாதனையாகக் கொள்ளப்படாது என்ற அக்கால விதிப்படி, உலக சாதனை இரண்டாவதாக வந்த அமெரிக்கர் கிளென் ஹார்டினுக்கே சென்றது. எட்டுத் தடை, ஒன்பது தடை வரை செவ்வனே ஓடிவந்தவன் பத்தாவது தடையில் தாளம் தவறுவது இப்போட்டியின் இயல்பு. விதி அதனைக் கடுமையாகத் தண்டித்தது. அதே ஹார்டின் 1934 இல் ஸ்ரொக்ஹோம் நகரில் 50.6 செக்கனில் ஓடி நிறுவிய சாதனை 1953 வரை, ஏறக்குறைய 19 ஆண்டுகள், அசையாது நின்றது. இடையில் உலகப் போர் குறுக்கிட்டமை அதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், வேகமும் வலிவும் உடையோர் அக்காலத்திலும் இருந்தனர். அவர்தம் வேகத்தைத் தடைகளுக்கிடையே முறையாகப் பகிர்ந்தளிக்கும் பயிற்சி இன்னும் பரவாதிருந்ததும் காரணமாகுமெனக் கருத இடமுண்டு.

இலங்கையர் யாவரும் நினைவிற்கொள்ளத்தக்க நிகழ்ச்சி 1948 இல் இலண்டனில் நடைபெற்றது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக் விழாவில், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அமெரிக்கர் றோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாமிடத்தையும், சுவீடன் நாட்டு றூனே லார்சன் 52.2 செக்கனில் மூன்றாமிடத்தையும் அடைந்தனர். 1950 இல் ஓக்லாந்தில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் வைற் 440 யார் தடைதாண்டி ஓட்டத்திற் பொற்பதக்கமும் பெற்றார். அவருக்குப் பின் இலங்கைக்கு மற்றோர் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 2000 ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓடும்வரை, 52 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சிறு நாடொன்றின் வீரன் உலகின் முன்னணியில் நிற்கத்தக்க போட்டி இது என்பதை டங்கன் வைற் நிறுவிக் காட்டினார். நீண்ட கால்களும் பெரும் பொருள்வளமும் மட்டுமே இங்கு வெற்றியைத் தீர்மானிப்பனவல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஐம்பதுகளில் எண்ணிக்கை பற்றிய சிந்தனை கூர்மையடைந்தது. 15 காலடிகளே பொதுவழக்காயிருந்த அக்காலத்தில், 1952 இல் ஹெல்சிங்கியில் 50.8 செக்கனில் வென்ற அமெரிக்கர் சாளி மூர் 13 காலடி முறையைக் கையாண்டு புகழ்பெற்றார். 1956 இல் கிளென் டேவிஸ் 49.5 செக்கனில் ஓடி 50 செக்கன் எல்லையைத் தகர்த்த முதல்வரானார். 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் வென்றவரும் அவரே.

1968 இல் மெக்சிக்கோ நகரில் பிரித்தானியரான டேவிட் ஹெமரி 48.12 செக்கனில் ஓடியமை இவ்வரலாற்றின் பெருந்திருப்பம். முன்னைய உலக சாதனை 48.8 செக்கன். ஹெமரி ஆறாவது தடைவரை 13 காலடிகளும் அதன்பின் 15 காலடிகளும் வைத்தார். இம்மாற்றம் தற்செயலானதன்று, முன்கூட்டியே வகுத்து, பன்முறை பயின்று, உடம்பிற் பதித்துக்கொண்ட ஒழுங்கு. களைப்பு வரும் இடம் எதுவென்று அறிந்து, அது வருமுன்னரே நடையை மாற்றுவது அவர் முறையின் உயிர்நிலை. மிருதங்கம் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். நடை மாற்றம் அமைந்த இடத்திற் சரியாக விழின் அது அழகு. கை தளர்ந்ததால் நடை மாறின் அது பிழை. கேட்போன் செவிக்கு இரண்டும் வேறு வேறாகவே ஒலிக்கும்.

நான்காண்டுகளின் பின், 1972 இல் மியூனிச்சில், உகண்டா நாட்டைச் சேர்ந்த ஜோன் அக்கி-புவா, வளைவு மிகக் கூரிய ஒன்றாம் ஓடுபாதையிலிருந்து ஓடி 47.82 செக்கனில் வென்றார். 48 செக்கனுக்குள் இத்தூரத்தைக் கடந்த முதல் மனிதர் அவரே. அவருடைய பயிற்றுநர் மல்கம் ஆர்னல்ட். பாரமேற்றிய மேற்சட்டை அணிந்து தடைகளைத் தாண்டி ஓடுவது அவர் மேற்கொண்ட கடும் பயிற்சிகளுள் ஒன்று. எக்காலையும் முன்நீட்டித் தாண்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இவ்வாற்றல் உடையவன் 13 இலிருந்து 15 இற்குத் திடீரெனத் தாவவேண்டியதில்லை. இடையில் 14 என்னும் படியில் நின்று இறங்கலாம். 2.43 மீற்றர்க் காலடியை ஒரே வீச்சில் 2.11 ஆகக் குறுக்குவது ஓடும் வேகத்துக்குத் தானே தடைபோடுவதாகும். 14 இன் 2.26 மீற்றரோ அவ்விறக்கத்தை மென்மையாக்குகின்றது.

இதற்கு நேர்மாறான விடையை 1976 இல் மொன்றியலில் எட்வின் மோசஸ் அளித்தார். முதலாவது தடைமுதல் பத்தாவது தடைவரை 13 காலடிகளையே மாறாது காத்து உலக சாதனையோடு வென்றார். மாற்றமே வேண்டாதவனுக்கு மாறும் இடம் பற்றிய கவலை இல்லை. மோசஸ் பயின்ற அத்லாந்தா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குச் சொந்தமான ஓடுதளம் இருக்கவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. பௌதிகவியல் மாணவரான அவர், நகரிலுள்ள பிற பாடசாலைகளின் தளங்களிற் பயின்று, தம் ஓட்டத்தைக் கணக்கிட்டு ஆராய்ந்து செப்பஞ்செய்தார். 1977 முதல் 1987 வரை தொடர்ச்சியாக 122 ஓட்டங்களில் அவர் தோல்வி கண்டிலர். 1983 இல் 47.02 செக்கன் வரை சாதனையைக் கொண்டுசென்றார்.

அதன் பின்னர் 1992 இல் பார்சிலோனாவில் கெவின் யங், மூன்றாம் தடைக்கும் ஐந்தாம் தடைக்கும் இடையே 12 காலடிகளே வைத்து, 46.78 செக்கனில் 47 செக்கன் எல்லையைக் கடந்தார். இறுதித் தடையை அவரும் தட்டினார். ஆனால் பழைய விதி மாறியிருந்தமையால் சாதனை நிலைத்தது. 29 ஆண்டுகள் நின்ற அச்சாதனையை 2021 இல் நோர்வே நாட்டுக் கார்ஸ்ரன் வார்ஹோம் ஒஸ்லோவில் 46.70 செக்கனில் ஓடி முறியடித்தார். அடுத்த மாதம் டோக்கியோவில் 45.94 செக்கனில் ஓடினார். அவ்விறுதிப் போட்டியில் முதல் மூவரும் யங்கின் நேரத்தை விஞ்சினர் என்பது வியப்புக்குரியது.

பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் 1984 இலேயே ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது. மொரோக்கோ நாட்டு நவால் எல் மூத்தவாக்கல் 54.61 செக்கனில் அதனை வென்றார். அதே ஓட்டத்தில் கேரளத்தைச் சேர்ந்த பி. ரி. உஷா 55.42 செக்கனில் ஓடி, செக்கனின் நூற்றிலொரு பங்கினால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். பத்துத் தடைகளுள் யாதாயினும் ஒன்றின் முன் காலடி ஒரு விரற்கடை குறுகினாலே இழக்கத்தக்க நேரம் அது. அவர் நிறுவிய அவ்விந்திய சாதனையைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 2023 இல் ஹாங்சூ ஆசிய விளையாட்டு விழாவில் அதே 55.42 செக்கனில் ஓடிச் சமப்படுத்த 39 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் சிட்னி மக்லாப்லின் 14 காலடி நடையைப் பயின்று, இரு கால்களையும் மாறி மாறி முன்நீட்டி ஓடும் முறையால், 2024 இல் பரிஸில் 50.37 செக்கன் என்னும் உலக சாதனையை நிறுவினார்.

இவ்வரலாறு கூறுவது யாது? ஹெமரி 13 இலிருந்து 15 இற்கு மாறி வென்றார். அக்கி-புவா இரு கால்களையும் பயன்படுத்தி வென்றார். மோசஸ் மாறாது வென்றார். யங் 12 வரை நீட்டி வென்றார். எனவே, சரியான எண்ணிக்கை என ஒன்று தனியே இல்லை. தன் உடம்புக்கு ஏற்ற எண்ணிக்கையைக் கண்டறிந்து, அதனை இறுதித் தடைவரை ஒழுங்காக வழிநடத்தியமையே இவர்கள் அனைவர்க்கும் பொதுவானது. மாறுவதாயின் அவர்கள் திட்டமிட்டு மாறினர்; களைப்பினால் மாற்றப்பட்டாரில்லை.

இனி, இத்தாளத்தை ஆக்கும் பயிற்சி முறைகளைக் கூறுவோம். முதலாவது, தொடக்கப் பயிற்சி. முதலாவது தடைவரையுள்ள 45 மீற்றரை 15 காலடிக்காரர் பெரும்பாலும் 22 அல்லது 23 காலடிகளிலும், 13 காலடிக்காரர் 20 அல்லது 21 காலடிகளிலும் கடப்பர். இத்தொலைவு வளைவில் அமைந்தது. எனவே, நேர்பாதையிற் பயின்றுவிட்டு வளைவில் ஓடுவது பயன்தராது. முதல் தடைக்கு வந்துசேரும் வேகமே இரண்டாம் தடைக்குரிய காலடியைத் தீர்மானிக்கின்றது. ஆகையால் இப்பகுதியைத் தனியே பன்முறை ஓடிப் பழகுதல் வேண்டும்.

இரண்டாவது, இரு கால்களின் பயிற்சி. தாழ்ந்த தடைகளைக் குறுகிய இடைவெளியில் நிறுத்தி, இடையே நான்கு காலடி வைத்து ஓடச்செய்தால், கால்கள் தாமே மாறி மாறி முன்செல்லும். ஐந்து காலடியாக வைத்தால் ஒரே கால் உறுதிபெறும். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே இதனைத் தொடங்கும் மாணவன் பிற்காலத்தில் எந்த எண்ணிக்கையையும் ஏற்கத்தக்கவனாவான். பழக்கமில்லாத காலைப் பதினெட்டு வயதிற்குப் பின் பழக்குவது பெருமுயற்சி.

மூன்றாவது, பகுதி ஓட்டம். முதல் மூன்று அல்லது ஐந்து தடைகளைப் போட்டி வேகத்தில் ஓடி, முழுமையாக இளைப்பாறி, மீண்டும் ஓடுவது தாளத்தைப் பதிப்பிக்கும். ஆனால், களைப்பில்லாத காலிற் பதித்த தாளம் களைத்த காலில் நிலைக்குமென்று சொல்லவியலாது. எனவே, தடையின்றி 200 மீற்றர் விரைந்தோடி, உடனே அதனைத் தொடர்ந்து இறுதி ஐந்து தடைகளைத் தாண்டும் பயிற்சியும் வேண்டும். எட்டாம் தடையில் எண்ணிக்கை மாறுமாயின், அம்மாற்றம் இவ்வாறு களைத்த நிலையிலேயே பயிலப்படுதல் முறையாம்.

நான்காவது, நிறுத்தற் கடிகாரப் பயிற்சி. ஓட்டம் தொடங்கும் ஒலியுடன் கடிகாரத்தை இயக்கி, வீரன் ஒவ்வொரு தடையையும் தாண்டி நிலத்தை மிதிக்கும் கணத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். 56.0 செக்கனை இலக்காகக் கொண்ட மாணவன் ஒருவனுக்கு உதாரணமாக ஓர் அட்டவணை வகுப்போம். முதலாவது தடையை மிதிக்க 6.4 செக்கன். அதன்பின் ஒன்பது இடைவெளிகளுக்கு முறையே 4.4, 4.5, 4.6, 4.7, 4.8, 4.9, 5.1, 5.3, 5.5 செக்கன். இறுதித் தடையிலிருந்து முடிவுக்கோட்டிற்கு 5.8 செக்கன். இவற்றின் கூட்டுத்தொகை 56.0. இவ்வட்டவணையோடு உண்மையான ஓட்டத்தின் குறிப்பை ஒப்பிடின், குறைபாடு எங்குள்ளதென்பது வெளிப்படும். இடைவெளியொன்றில் நேரம் திடீரெனக் கூடியிருப்பின், அங்கே காலடி தடுமாறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டா. ஒரு கடிகாரமும் ஒரு பென்சிலும் இருந்தாற் போதும், இப்பயிற்சிக்குப் பெருஞ்செலவில்லை.

ஐந்தாவது, தடையில்லாத் தாளப் பயிற்சி. புற்றரையிற் சுண்ணாம்பினால் 35 மீற்றருக்கு ஒரு கோடிட்டு, கோட்டைத் தடையாகப் பாவித்து, காலடிகளை எண்ணிக்கொண்டே ஓடச்செய்யலாம். எதிர்க்காற்று வீசும் நாளில் காலடி குறுகுவதையும், பின்காற்றில் அது மிகைப்படுவதையும் மாணவன் இதன்மூலம் தானே உணர்ந்துகொள்வான். திறந்த வெளியில் அமைந்த எமது மைதானங்களிற் காற்றைக் கணக்கிற் கொள்ளாத தாளம் நிலைபெறாது.

இவ்விடத்தே எச்சரிக்கையொன்று கூறுதல் கடமையாகின்றது. உலக வீரர் 13 காலடி வைக்கின்றனர் என்று கேள்வியுற்று, பதினாறு வயதுச் சிறுவனையும் 13 வைக்குமாறு ஏவுவது பெருந்தவறு. மோசஸின் உயரம் 1.88 மீற்றர். அவரினும் மிகக் குறைந்த உயரமுள்ள மாணவன் 2.43 மீற்றர் எட்டிவைக்க முயலும்போது, ஒவ்வொரு காலடியும் உடம்பின் பாரத்துக்கு முன்னே சென்று விழுகின்றது. ஓட்டம் ஓட்டமாயிராது தாவலாகின்றது. ஐந்தாம் தடையிலேயே வலு தீர்ந்துவிடுகின்றது. தொடைத் தசையும் ஊறுபடலாம். அவனே 17 காலடி வைத்துச் சீராக ஓடுவானாயின், எட்டாம் தடையில் அவனை முந்திச் சென்றோரைப் பத்தாம் தடையில் எட்டிப்பிடித்தல் கூடும். வளர்ச்சியும் வலிவும் வந்தபின் 17 பதினாறாகும். பின்னர் 15 ஆகும். எண்ணிக்கை குறைவது வளர்ச்சியின் விளைவாக வரவேண்டும். வளர்ச்சிக்கு முன்னதாக வற்புறுத்தப்படலாகாது.

பாடசாலை விளையாட்டு விழாக்களில் இப்போட்டிக்கு வேண்டிய ஆள் கிடையாதபோது, 400 மீற்றர் ஓடுபவன் ஒருவனைச் சில நாட்களுக்கு முன் தேர்ந்து களத்தில் நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவன் வலிவுடையவன், ஆயினும் ஒவ்வொரு தடையின் முன்னும் தயங்கித் தயங்கித் தாண்டுகின்றான். முடிவில், இப்போட்டி தனக்கு ஒவ்வாதெனக் கருதி அதனைக் கைவிடுகின்றான். அவனிடத்தே குறையாயிருந்தது ஆற்றலன்று. அவனுக்குத் தாளம் கற்பிக்கப்படவில்லை என்பதே உண்மை. இவ்வாறு நாம் இழக்கும் மாணவர் எத்தனை பேரென்பதை எண்ணிப்பார்த்தல் ஆசிரியர் கடனாகும்.

1948 இல் டங்கன் வைற் ஓடிய ஓடுதளம் இக்காலத்துச் செயற்கைத் தளமன்று. சாம்பற்கரி பரப்பிய தளமே. மோசஸின் கல்லூரிக்குத் தளமே இருக்கவில்லை. வசதியின்மை தாளத்தைக் கற்பதற்குத் தடையன்று என்பதை இவ்விருவர் வரலாறும் தெளிவுறுத்துகின்றன. பத்துத் தடைகள் இல்லாத பாடசாலையில் ஐந்து தடைகள் இருக்கலாம். ஐந்தும் இல்லையாயின் சுண்ணாம்புக் கோடு இடலாம். வேண்டுவன ஆண்டு முழுவதும் தொடரும் பொறுமையும், ஒவ்வொரு மாணவனின் காலடியையும் தனித்தனியே எண்ணிக் குறித்துவைக்கும் ஆசிரியரின் அக்கறையுமே. அவ்விரண்டும் கைகூடின், எமது மைதானங்களிலிருந்தும் நீள்தடை ஓட்டத்திற் சிறந்த வீரரும் வீராங்கனையரும் தோன்றுவர் என்பது திண்ணம்.